ஆட்டிசம், ஏடிஹெச்டி இரண்டும் இருக்கும் பெரியவர்களுக்கு ஒத்துவரும் தெரபிஸ்ட் யாருக்காவது கிடைத்தாரா?

வடபழனி_மழை:

கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 34 வயது, பெண், சென்னை, மென்பொருள் டெஸ்டிங் வேலை. போன வருடம் ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு) இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காகிதம் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்து யாரிடம் போவது என்பதற்குத்தான் பதில் இல்லை.

முதலில் போனது சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுத் தெரபி) செய்யும் ஒருவரிடம். நல்ல மனுஷி. ஆனால் அந்த முறை என் விஷயத்தில் இடித்தது. டீமில் என்னை ஒதுக்குகிறார்கள் என்று சொன்னால், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று ஒரு தாளில் எழுதச் சொல்வார். எழுதினேன். என்னைத் தவிர எல்லோரும் இருக்கும் மதியச் சாப்பாட்டு வாட்ஸ்அப் குழு, என்னிடம் மட்டும் கேட்காமல் நடந்த பிறந்தநாள் வசூல், மீட்டிங்கில் நான் வாயைத் திறந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும் தேதி போட்டுக் கொடுத்தேன் (டெஸ்டர் புத்தி, பக் ரிப்போர்ட் மாதிரிதான் வரும்). எதிர் ஆதாரப் பக்கம் காலி. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என் எண்ணம் திரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அந்தத் தாளே தொடங்குகிறது. நடந்ததை நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்றால் அந்தத் தாளுக்கு வேலை இல்லை.

வீட்டுப்பாடம் இன்னொரு கதை. வாரம் முழுக்க எண்ணக் குறிப்பு எழுதி வரவேண்டும். ஏடிஹெச்டி இருக்கிறவளிடம் தினமும் ஒரே நேரத்தில் ஒரே தாளை நிரப்பச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. எழுதாமல் போனால், ‘மாறுவதில் உங்களுக்கு ஏதாவது தயக்கம் இருக்கிறதோ?’ என்று மெதுவாகக் கேட்பார். தயக்கமெல்லாம் இல்லை, தாள் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, ஆட்டிசம் என்று போர்டிலேயே போட்டிருந்த ஒரு மையம். உள்ளே முழங்கால் உயர நாற்காலிகள், பிளாஸ்டிக் பந்துகள், சுவர் முழுக்கக் கார்ட்டூன். வரவேற்பில் இருந்த பெண் ‘குழந்தை வரலையா மேடம்?’ என்றார். எனக்குத்தான் என்று புரியவைத்து உள்ளே போனால், பெரியவர்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, வேண்டுமானால் சமூகத் திறன் பயிற்சி தரலாம் என்றார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று கற்றுத் தருவார்களாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை நடித்து நடித்துத்தான் இவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன்.

இன்னொருவர் ஏடிஹெச்டி கோச். எதிலும் புதுமை வேண்டும், வேறு வேறு காபிக்கடையில் உட்கார்ந்து வேலை பாருங்கள், பாட்டு வரிசையை மாற்றிக்கொண்டே இருங்கள் என்பார். மூளையின் ஒரு பாதி குதித்தது, மறு பாதி அந்தக் காபிக்கடை மிக்ஸி சத்தத்தில் செத்தது. ஒரே மாதிரி நாள் நகர்ந்தால்தான் எனக்கு மூச்சு வரும், அதே நாள் மூன்றாம் முறை வந்தால் சலித்துவிடும். இரண்டும் உண்மை. ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் மற்றதை உதைக்கிறது என்று புரிந்துகொண்ட ஒருவரும் இதுவரை கிடைக்கவில்லை.

உங்களுக்கு உதவிய தெரபிஸ்ட் இருந்தால் பெயர்கூட வேண்டாம், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்னதான் செய்தார் என்று சொல்லுங்கள். ‘நம்பிக்கையோடு இருங்கள் தோழி’ வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

கடைசிபெஞ்சு_கோவை:

உங்களுக்கு இரண்டையும் ஒரே ஆள் எழுதிக்கொடுத்ததே பெரிய விஷயம் மேடம். 2013 வரைக்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டின்படி, ஆட்டிசம் என்று எழுதிய ஆளுக்கு ஏடிஹெச்டி என்று சேர்த்து எழுதவே கூடாது. ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதற்கு முன் படித்து வந்த டாக்டர்கள் பலருக்கு ‘இதுவா, அதுவா’ என்று பார்ப்பதுதான் பழக்கம். எனக்கு ஏடிஹெச்டி எழுதியவர் ஒருவர், ஆட்டிசம் எழுதியவர் வேறொருவர், இரண்டு பேரும் மற்றவர் எழுதியதை ஒப்புக்கொள்ளவில்லை. நடுவில் நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

தெரபிக்கு முன்னால் மருந்து விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள், இதுதான் என் கட்சி. மாத்திரை இல்லாமல் தெரபிக்குப் போன காலத்தில் அவர் பேசுவது காதில் விழும், மூன்றாவது வாக்கியத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே இருப்பேன். காசு கொடுத்து ஜன்னல் பார்த்தேன்.

நடைமுறை விஷயம் ஒன்று. ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாட்டில் விற்கும் மருந்து, போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். அதனால் வீடியோ ஆலோசனையில் எழுதித் தர முடியாது, 2020இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலிலேயே தடை இருக்கிறது. நேரில்தான் போகவேண்டும். சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லாக் கடையும் வைத்திருக்காது, தனி லைசென்ஸ் வேண்டும், ஆகவே எந்தக் கடையில் கிடைக்கும் என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு காரியத்தை ஒழுங்காக முடிக்க முடியாதவனுக்கான மாத்திரை, அதை வாங்க இத்தனை காரியத்தை ஒழுங்காக முடிக்கவேண்டும்.

ஏடிஹெச்டிக்கான இன்னொரு மருந்து அடோமாக்ஸெடின், அதற்கு இந்த அலைச்சல் இல்லை, ஆனால் வேலை செய்கிறதா என்று தெரியவே பல வாரம் ஆகும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் எடுப்பவர்கள் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும், இவை அடோமாக்ஸெடின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். எந்த மாத்திரை ஆனாலும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்காமல் எழுதினால் நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டி எச்சரிக்காதது. மாத்திரை ஆரம்பித்து மண்டைக்குள் இருந்த இரைச்சல் அடங்கியதும், அதன் அடியில் கிடந்த ஆட்டிசம் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சட்டை லேபிள், டியூப்லைட் ரீங்காரம், திட்டம் மாறினால் வரும் எரிச்சல், எல்லாம் கூடியது போல இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்தப் பார்த்தேன். தெரபிஸ்ட்டிடம் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்பதே எனக்கு அப்புறம்தான் தெளிந்தது.

சும்மா_வந்தவன்:

கோபப்படாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் எல்லோருக்கும் ஏடிஹெச்டி. எங்கள் காலத்தில் மறதிக்காரன், முசுடு என்று ஒரு பேர் வைத்துவிட்டு விட்டுவிடுவோம், அவனும் வாழ்ந்தான். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, இவ்வளவு கோர்வையாக எழுதவும் வருகிறது. இதற்கு எதற்குத் தெரபி?

ரசப்பொடி:

அந்த முசுடு எங்கள் சித்தப்பா. அவர் வாழ்ந்தார், சரி. சித்தி எப்படி வாழ்ந்தார் என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

வடபழனி அக்காவா தங்கச்சியா தெரியவில்லை, எனக்கு 41, தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். மதுரை. மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்து அவனுக்காக அலைந்தபோதுதான், கேட்கிற கேள்வியெல்லாம் எனக்கும் பொருந்துகிறதே என்று உறைத்தது. எனக்கு உதவியது தெரபிஸ்ட் இல்லை. இதைச் சொன்னால் இந்தக் குழுவில் அடிக்க வருவார்கள், பரவாயில்லை. தெரபிக்கு என்று எடுத்துவைத்த காசில் காலைச் சமையலுக்கு ஓர் ஆள் வைத்தேன்.

என்ன நடந்தது என்றால், மகனுக்கு வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சமாளிக்கப் பழக்குபவர்) பெண் ஒரு நாள் என்னைப் பார்த்து, ‘அக்கா, நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு அழ ஆரம்பிக்கிறீர்கள்?’ என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. உட்கார்ந்து என் காலை நேரத்தை அரை மணி அரை மணியாக எழுத வைத்தாள். குக்கர் விசில், மிக்ஸி, எண்ணெய்ப் புகை, மாமியார் டிவியில் சுப்ரபாதம், மகனின் சத்தம், நடுவில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லவேண்டும், இத்தனையும் 6 மணியிலிருந்து 8 மணிக்குள். மனசைச் சரிசெய்ய நான் தெரபிஸ்ட் தேடிக்கொண்டிருந்தேன், பாதிப் பிரச்சினை அடுப்படியில் இருந்திருக்கிறது. விசில் இல்லாத மின்சாரக் குக்கர், காதுக்கு நுரை அடைப்பான், மளிகைக்கு மாதாமாதம் அதே பட்டியல், காலையில் என்னிடம் கேள்வி கேட்காதே என்று பிரிட்ஜ் கதவில் ஒரு தாள். மாமியார் முதலில் முறைத்தார். இப்போது அந்தத் தாளை அவரே மாமாவுக்குக் காட்டுகிறார்.

தெரபி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உடம்பு தாங்காத விஷயத்தை மனசு தாங்காத விஷயம் என்று நினைத்துக்கொண்டு போனால், எவ்வளவு நல்ல தெரபிஸ்ட்டும் தப்பான கதவைத்தான் தட்டிக்கொண்டு இருப்பார்.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களுக்கான பரிசோதனைக்கு இங்கே வருடக்கணக்கில் வரிசை. டாக்கிங் தெரபீஸ் என்று என்ஹெச்எஸ், அதாவது இங்கத்தைய அரச மருத்துவச் சேவை, நடத்துகிற பேச்சுத் தெரபிச் சேவைக்கு நாங்களே பதியலாம், அது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு படிவம் நிரப்பவேண்டும். கடந்த இரண்டு கிழமையில் இப்படி இருந்ததா, ‘பல நாட்கள்’ அல்லது ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’. ஏழு நாள் என்றால் எதில் போடுவது? நான் நாட்காட்டியை எடுத்து எண்ணிக்கொண்டிருப்பேன், நேரம் போய்விடும். எண்ணி முடித்தாலும் சோகமாக இருந்தேனா, பசியாக இருந்தேனா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சியை இனங்கண்டு சொல்வது கஷ்டம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாதிப் பேரிடம்தான் ‘இப்போது என்ன உணர்கிறீர்கள்?’ என்று முதல் கேள்வியே கேட்கிறார்கள்.

எனக்குப் பிறகு கிடைத்த தெரபிஸ்ட் நல்லவர், ஆனால் அவராக ஒன்றும் மாறவில்லை. இங்கே சிகிச்சை வழிகாட்டுதல்கள் எழுதுகிற நைஸ் என்கிற அமைப்பு 2012இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் தெரபியை எப்படி மாற்றிச் செய்யவேண்டும் என்று எழுதியே இருக்கிறது: தெளிவான கட்டமைப்பு, எழுத்திலும் படத்திலும் தகவல், உவமையும் சுற்றி வளைப்பதும் இல்லாத பேச்சு, இடையிடையே ஓய்வு, எண்ணத்தைத் தோண்டுவதைவிட நடத்தையில் மாற்றம் கொண்டுவருவதற்கு அதிக இடம். அந்தப் பக்கத்தை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். 2010 சமத்துவச் சட்டப்படி எனக்கு நியாயமான மாற்றங்கள் கேட்க உரிமை உண்டு என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு, என்ன பேசப்போகிறோம் என்று முதல் நாளே எழுதி அனுப்புவார். கமராவை அணைத்துவைக்கலாம். வாய் வராத நாளில் தட்டச்சு செய்யலாம். என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள், எங்கே போய் இருந்தீர்கள், சாப்பிட்டீர்களா’ என்று கேட்பார். அதிலிருந்து இரண்டு பேருமாகச் சேர்ந்து அது கோபமா, களைப்பா என்று கண்டுபிடிப்போம். முடிந்ததும் அஞ்சு வரியில் சுருக்கம் வரும். எனக்கு உதவியது இவ்வளவுதான், புதுப் பெயரில் எந்தத் தெரபியும் இல்லை.

எங்கள் ஆட்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். சத்தம் தாங்க முடியாது என்று சொன்னவுடன் ஷெல்லடி, பங்கர், போர் என்று என்னை அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். பங்கருக்குள் இருந்தது உண்மை, அதன் பாதிப்பும் உண்மை. ஆனால் அதற்கு முதலே, தவழுகிற வயதிலேயே, கோயிலில் மேளம் தொடங்கினால் நான் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டுக் கத்துவேன் என்று அம்மம்மா சொல்லுவா. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். போர் பார்த்த குடும்பத்திலிருந்து தெரபிக்குப் போகிறவர்கள், போருக்கு முந்தைய வயதில் எப்படி இருந்தீர்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கோ.

திருச்சி_சைக்காலஜி:

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இழை முழுக்க எங்களுக்கு விழும் அடியில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

சிபிடியே இடிக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களுக்கென்று அமைத்த சிபிடி வேறு மாதிரி இருக்கும், எண்ணத் தாளைவிட நாட்காட்டி, வேலைப் பட்டியல், பெரிய வேலையைத் துண்டாக்குவது, கவனம் சிதறுவதைத் தள்ளிப்போடுவது இதெல்லாம்தான் அதில் அதிகம். மருந்து எடுத்தும் தொந்தரவு மிச்சமிருந்த பெரியவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட சிபிடி பெற்றவர்கள் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். வடபழனி மேடத்துக்குக் கிடைத்தது மனச்சோர்வுக்கான சிபிடி. ஒதுக்குவது நிஜம் என்றால், அங்கே செய்யவேண்டியது அந்த வேலையிடத்தில் இருப்பதா, மாறுவதா, யாரிடம் சொல்வது என்று தீர்வு தேடுவது. அதையும் அந்த முறையிலேயே செய்யலாம், செய்திருக்கவேண்டும்.

வீட்டுப்பாடம் செய்யாததை மனத் தயக்கமாகப் பார்க்க எங்களுக்குப் படிப்பிலேயே பழக்கிவிடுகிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு இப்போது தாள் கொடுப்பதில்லை. அங்கேயே அவர்கள் போனில் வாய்ஸ் நோட் போடச் சொல்வேன், அல்லது செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த வேலையை என் முன்னாலேயே செய்துவிட்டுப் போகச் சொல்வேன். மின்கட்டணம் கட்டுவது, ஹெச்ஆருக்கு மெயில் அனுப்புவது எல்லாம் என் அறையில் நடந்திருக்கிறது. இதுவும் தெரபிதான்.

தெரபிஸ்ட் தேடும்போது இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கும் பட்டத்தை நம்பவேண்டாம். ‘நியூரோடைவர்ஜென்ட் நட்பு’ (ஆட்டிசம், ஏடிஹெச்டி போல மூளை வேறு விதமாக இயங்குகிறவர்களுக்கு ஏற்றவர்) என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, பதிவு எண் இருக்கவேண்டும், கேட்டால் தரவேண்டும். கவுன்சலர், கோச் என்கிறவர்களுக்கு அது இருக்காது. அவர்களில் நல்லவர்கள் உண்டு, ஆனால் பரிசோதனை அறிக்கை எழுதும் தகுதி வேறு. பதிவு எண் இருக்கிறது என்பதற்காகப் பெரியவர்களின் ஆட்டிசம் தெரியும் என்றும் அர்த்தமில்லை. எங்கள் பயிற்சிக் காலத்தில் ஆட்டிசம் என்றால் குழந்தைகள் பிரிவுதான்.

கடைசிபெஞ்சு_கோவை:

சார் அல்லது மேடம், ஒரு கேள்வி. பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறோமே, அதைச் சத்தத்துக்கும் செய்யலாமா? என்னிடம் ஒருவர், கல்யாண மண்டபத்தில் முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது நிமிடம் உட்காருங்கள் என்றார். ஆவணி மாதம், முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து இருட்டில் படுத்துக் கிடந்ததுதான் மிச்சம்.

திருச்சி_சைக்காலஜி:

மேடம்தான். நாய்க்குப் பயம் என்றால் நாயோடு இருந்து இருந்து ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு கற்றுக்கொள்ளும், பயம் இறங்கும். மேளச் சத்தம் உங்களுக்குப் பயமா, வலியா? மேடைக்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தாலும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அங்கே பழக்குவதற்கு ஒன்றுமில்லை. காதடைப்பான் போட்டுக்கொண்டு போங்கள், சாப்பாட்டுப் பந்தியில் தலையைக் காட்டிவிட்டு, மொய் எழுதிவிட்டு வந்துவிடுங்கள். ஆனால், ‘மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நான் உடைந்துவிடுவேனோ’ என்று போன தடவை நடந்ததால் வந்த பயம் ஒன்று தனியாக இருக்கும். அதில் வேலை செய்யலாம். இரண்டும் கலந்துதான் வரும், பிரித்துப் பார்க்கச் சொல்லித் தெரபிஸ்ட்டிடம் நேராகக் கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். மன்னிக்கவும், இந்த இழையில் அப்படிச் சொல்லக்கூடாது.

வடபழனி_மழை:

ஹாஹா, பரவாயில்லை மேடம், முகம் பார்த்துப் புரிகிற வரம் கிடைத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு எழுத்தில் வேண்டும், அதனால் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு செய்தி தயார் செய்திருக்கிறேன். இனிமேல் யாரிடம் போவதாக இருந்தாலும் முன்பணம் கட்டும் முன் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். எனக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. பெரியவர்களில் இந்த இரண்டும் உள்ளவர்களோடு நீங்கள் வேலை செய்திருக்கிறீர்களா, இல்லை என்றாலும் சொல்லலாம். செஷனில் என்ன பேசப்போகிறோம் என்று முன்கூட்டி இரண்டு வரி அனுப்ப முடியுமா? முடிந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்று எழுதித் தருவீர்களா? நான் கண்ணைப் பார்க்காமல், கையில் எதையாவது உருட்டிக்கொண்டு பேசினால் உங்களுக்குச் சிரமமா? வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? உங்கள் அறையில் டியூப்லைட்டை அணைக்கலாமா, ரூம் ஃப்ரெஷ்னர் இல்லாமல் இருக்குமா? முதல் நாள் நினைவூட்டல் அனுப்புவீர்களா, நேரம் மறந்து போனால் கட்டணம் எவ்வளவு?’

இதில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்பவர் வேண்டும் என்றில்லை. வீட்டுப்பாடக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பேன். ஏற்கெனவே ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தேன், ‘முதலில் நேரில் வாருங்கள், மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தது. அங்கே போகவில்லை. இன்னொருவர், ‘பெரியவர்களில் ஏடிஹெச்டி பார்த்திருக்கிறேன், ஆட்டிசம் அதிகம் பார்த்ததில்லை, ஃப்ரெஷ்னரை எடுத்துவிடுகிறேன், வீட்டுப்பாடம் என் வழக்கம் இல்லை’ என்று வரிக்கு வரி பதில் போட்டிருந்தார். அவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அனுபவம் குறைவு என்று தெரிந்துதான் போகிறேன்.

கட்டணம் கேட்டவர்களுக்கு: நான் விசாரித்த இடங்களில் ஆயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரம் வரை. 2017 மனநலச் சட்டத்தில், உடல் நோய்க்கு எப்படியோ மன நோய்க்கும் அப்படியே காப்பீடு தரவேண்டும் என்று இருக்கிறது, ஆனால் என் பாலிசி மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், வாராவாரம் போய்ப் பேசுவதற்குத் தராது. உங்கள் பாலிசியில் புறநோயாளிச் செலவு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரசப்பொடி:

தங்கச்சி, மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப் போட்டாயா? ஆஃபீஸில் ஏதாவது கேட்க உதவுமே.

வடபழனி_மழை:

பார்த்தேன் அக்கா. 2016 சட்டத்தின் 21 வகையில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. ஆட்டிசத்துக்கு இசா என்ற அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள், 40 கேள்வி, 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசமே இல்லை என்று கணக்கு. கேள்விகள் குழந்தைகளை மனதில் வைத்து எழுதினது போல இருக்கிறது. நடித்துப் பழகின என்னைப் போன்றவர்கள் அதில் எங்கே நிற்போம் என்று தெரியாமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு தனி இழை போடலாம்.

நெல்லை_2ம்_ஆண்டு:

எல்லாவற்றையும் படித்தேன். நான் திருநெல்வேலியில் கல்லூரி மாணவன், 19. இங்கே யாரிடமும் மூவாயிரம் கொடுக்க முடியாது. வீட்டுக்கும் தெரியாது. எனக்கும் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருச்சி_சைக்காலஜி:

தம்பி, உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டால் போதும், காசு இல்லை. கூட்டம் இருக்கும், இரைச்சல் இருக்கும், காதடைப்பானும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் போய்விடுங்கள். பெரும்பாலும் முதலில் பேசுவது முதுநிலை படிக்கும் மாணவ டாக்டராக இருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், அவர்கள்தான் உட்கார்ந்து நீளமாகக் கேட்டு எழுதுவார்கள். வாயால் சொல்ல வராது என்றால் ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘எனக்கு ஏடிஹெச்டி’ என்று ஆரம்பிக்கவேண்டாம். பஸ் பாஸ் எத்தனை முறை தொலைந்தது, எந்த அரியர் எதனால் வந்தது, ஹாஸ்டல் மெஸ்ஸில் ஏன் சாப்பிட முடியவில்லை என்று நடந்ததை எழுதுங்கள். ஏடிஹெச்டி என்று எழுத 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்கவேண்டும், பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதின குறிப்பு இருந்தால் எடுத்துப் போங்கள். ராத்திரியில் மனசு ரொம்ப மோசமானால் 14416, டெலி மனஸ், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், இலவசம். டயக்னோசிஸ் அங்கே தரமாட்டார்கள், அதற்கு நேரில்தான் போகவேண்டும்.

நெல்லை_2ம்_ஆண்டு:

ரொம்ப நன்றி மேடம். ‘கவனக்குறைவு, வகுப்பில் தனியாகவே இருக்கிறான்’ என்று நாலாம் வகுப்புக் கார்டில் இருப்பது ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் பீரோவில் இருக்கும். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

ரசப்பொடி:

ஸ்காலர்ஷிப்புக்குக் கேட்கிறார்கள் என்று சொல் தம்பி, தாயார் உடனே எடுத்துத் தந்துவிடுவார்.

திருச்சி_சைக்காலஜி:

அக்கா, அவனுடைய சின்ன வயதைப் பற்றி எப்படியும் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள், அப்போது ஸ்காலர்ஷிப் கதை நிற்காது. படிப்பில் கவனம் நிற்கவில்லை, டாக்டரைப் பார்க்கப்போகிறேன் என்று மட்டும் இப்போதைக்குச் சொன்னால் போதும் தம்பி. ஆட்டிசம் என்ற பேச்சை அவர்களிடம் டாக்டர் எடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் போய்விட்டு இங்கே வந்து எழுதுங்கள், எந்த வரிசையில் நிற்கவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து.